மார்பகப் புற்றுநோயும் கீமோதெரபியும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். பயாப்ஸி முடிவு கைக்கு வரும் நாளுக்கும் முதல் கீமோ ஏற்றும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில், எதற்கு அவசரப்பட வேண்டும், எதற்கு நிதானம் போதும் என்று தெரியாமல் குடும்பங்கள் தடுமாறுகின்றன. அந்த வாரங்களில் பரவலாக எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் வருமாறு:

முடிவு வந்த உடனேயே சிகிச்சையைத் தொடங்காவிட்டால் நோய் பரவிவிடுமா?

மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நோய் அல்ல இது. மீதிப் பரிசோதனைகள், இரண்டாவது மருத்துவரின் கருத்து, பணத்துக்கான ஏற்பாடு ஆகியவற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆவது வழக்கம். பெரும்பாலோருக்கு அதனால் சிகிச்சையின் பலன் குறைவதில்லை. அந்த வாரங்கள் மாதங்களாக நீள்வதுதான் ஆபத்து. மார்பகம் முழுவதும் சிவந்து, வீங்கி, தோல் தடித்துப் போகும் அழற்சி வகைக்கு மட்டும் இந்த அவகாசமும் கிடையாது.

ஊசி குத்திச் சதை எடுத்தால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவும் என்கிறார்களே?

பயாப்ஸியால் நோய் முற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, பயாப்ஸி செய்யாமல் நேரடியாகக் கட்டியை வெட்டி எடுத்துவிடுவதுதான் பல நேரங்களில் சிக்கலை உண்டாக்குகிறது. எந்த வகைப் புற்றுநோய் என்பது தெரியாமல் செய்த அறுவைக்குப் பிறகு, பலருக்கு மீண்டும் ஓர் அறுவை தேவைப்படுகிறது.

அறிக்கையில் உள்ள ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்பவை என்ன?

ஈ.ஆர்., பி.ஆர். என்பவை ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள். ஹெர்-2 என்பது புற்றணு வேகமாகப் பெருகத் தூண்டும் புரதம். முதல் இரண்டில் ஒன்று 'பாசிட்டிவ்' என்றால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளும், ஹெர்-2 'பாசிட்டிவ்' என்றால் டிராஸ்டுசுமாப் ஊசியும் பயன்படும். மூன்றும் 'நெகட்டிவ்' என்றால் அது 'டிரிப்பிள் நெகட்டிவ்' வகை. அதற்கு கீமோதெரபியே முதன்மைச் சிகிச்சை. இந்த மூன்று விவரங்களும் இல்லாமல் கீமோவைத் தொடங்குவது முறையல்ல.

ஹெர்-2 முடிவு '2+' என்று வந்தால்?

0, 1+ ஆகியவை நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். 2+ என்பது இரண்டுங்கெட்டான் நிலை. 'ஃபிஷ்' எனப்படும் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். இதற்குக் கூடுதலாகச் சில நாட்கள் ஆகும்.

எல்லோருக்கும் பெட் ஸ்கேன் தேவையா?

தேவையில்லை. கட்டி சிறியதாக இருந்து, அக்குளில் நெறிக்கட்டி இல்லாமல், வேறு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு உடல் முழுவதும் ஸ்கேன் எடுப்பதால் பெரும் பயன் கிடைப்பதில்லை. கட்டி பெரியதாக இருந்தாலோ, நெறிக்கட்டிகளில் பரவியிருந்தாலோ பெட் ஸ்கேன், அல்லது சி.டி. ஸ்கேனுடன் எலும்பு ஸ்கேன் பரிந்துரைக்கப்படும்.

இந்த நோய் வந்தால் பிழைப்பார்களா?

எந்தக் கட்டத்தில் கண்டறியப்பட்டது என்பதைப் பொறுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 11 புற்றுநோய்ப் பதிவேடுகளில் 2012 முதல் 2015 வரை பதிவான 17,331 பெண்களை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வின்படி, ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் 66.4 சதவீதம். நோய் மார்பகத்தோடு நின்றவர்களில் இது 81 சதவீதம், அருகிலுள்ள நெறிக்கட்டிகளுக்கோ திசுக்களுக்கோ பரவியவர்களில் 65.5 சதவீதம், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியவர்களில் 18.3 சதவீதம். இவை பல ஆயிரம் பேரின் சராசரி. தனி ஒருவரின் ஆயுளைச் சொல்லும் கணக்கு அல்ல.

நோயாளியிடம் சொல்லாமலே சிகிச்சை கொடுக்க முடியுமா?

முடியாது, கூடாது. கீமோதெரபிக்கு நோயாளியே படித்துப் புரிந்துகொண்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். "சாதாரணக் கட்டிதான்" என்று வீட்டார் மறைத்தாலும், புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப் பலகையும் பக்கத்துப் படுக்கைக்காரரும் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுவது வழக்கம். மருத்துவர் முன்னிலையில், சிகிச்சைத் திட்டத்தோடு சேர்த்துச் சொல்வதே நல்லது.

இரண்டாவது கருத்து கேட்க என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

அறிக்கைத் தாள்கள் மட்டும் போதாது. பயாப்ஸியில் எடுத்த சதை மெழுகில் பதித்து வைக்கப்பட்டிருக்கும்; அந்த 'பிளாக்', கண்ணாடி 'ஸ்லைடு', மேமோகிராம் படம், ஸ்கேன் குறுந்தகடு ஆகியவற்றையும் ஆய்வகத்தில் கேட்டுப் பெற வேண்டும். பிளாக்கைத் தொலைத்தால் மீண்டும் சதை எடுக்க நேரிடலாம்.

மார்பகப் புற்றுநோய் என்றாலே கீமோ கட்டாயமா?

கட்டாயமில்லை. ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், சிறிய கட்டி, நெறிக்கட்டியில் பரவல் இல்லை என்ற நிலையில் உள்ள பலருக்கு அறுவையும் ஹார்மோன் மாத்திரையுமே போதும். 21 மரபணுக்களை அளக்கும் சோதனையைக் கொண்டு 2018-இல் வெளியான 'டெய்லர்-எக்ஸ்' ஆய்வு, இந்தப் பிரிவில் 50 வயதைத் தாண்டி 25 வரை மதிப்பெண் பெற்றவர்களுக்கு கீமோவால் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. அந்தச் சோதனையின் விலை மிக அதிகம் என்பதால், வயது, கட்டியின் அளவு, பெருகும் வேகம் ஆகியவற்றை வைத்தே இங்கு பெரும்பாலும் முடிவு செய்யப்படுகிறது.

முதலில் ஆபரேஷனா, கீமோவா?

இரண்டு முறைகளும் உண்டு. கட்டி பெரியதாகவோ, நெறிக்கட்டிகளில் பரவியோ இருந்தாலும், இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய ஹெர்-2 பாசிட்டிவ், டிரிப்பிள் நெகட்டிவ் வகைகளிலும் பொதுவாக கீமோ முதலில் தரப்படுகிறது. இதனால் கட்டி சுருங்குகிறது. மருந்து வேலை செய்கிறதா என்பதும் கண்கூடாகத் தெரிகிறது. கட்டி முற்றிலும் மறைந்துபோனாலும் இடம் தெரிவதற்காக, கீமோவுக்கு முன்பே அதனுள் சிறிய உலோக 'கிளிப்' வைக்கப்படுவது உண்டு.

அறுவை முடிந்தபின் எத்தனை நாட்களுக்குள் கீமோ தொடங்க வேண்டும்?

காயம் ஆறியதும், வழக்கமாக 4 முதல் 6 வாரங்களுக்குள் தொடங்கப்படும். 90 நாட்களைத் தாண்டினால் பலன் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. டிரிப்பிள் நெகட்டிவ் வகையில் இந்த இழப்பு அதிகம். நல்ல நாள் பார்ப்பதற்காகவோ, வீட்டு விசேஷம் முடியட்டும் என்றோ வாரங்களைத் தள்ளுவது இந்தக் கட்டத்தில் பொருந்தாது.

மார்பகத்தை முழுவதும் எடுத்தால்தான் பாதுகாப்பா?

கட்டியை மட்டும் அகற்றிவிட்டுக் கதிர்வீச்சு, அதாவது பேச்சுவழக்கில் 'கரண்ட்', கொடுத்தாலும் உயிர்காப்பில் வேறுபாடு இல்லை. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியாகி இதை உறுதி செய்தன. ஒரே மார்பகத்தில் பல இடங்களில் கட்டி இருந்தாலோ, கதிர்வீச்சு தர முடியாத நிலையிலோ முழு அறுவை தேவைப்படலாம்.

கீமோ எத்தனை முறை, எவ்வளவு காலம்?

மருந்துக்கு ஏற்ப மாறும். பரவலாகத் தரப்படும் ஒரு முறையில் டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஆகிய இரு மருந்துகள் 21 நாட்களுக்கு ஒரு முறை என நான்கு தவணைகளும், அதன்பின் பாக்லிடாக்ஸெல் வாரம் ஒரு முறை என 12 வாரங்களும் ஏற்றப்படுகின்றன. மொத்தம் சுமார் 24 வாரங்கள். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி, இடையில் வரும் கீமோ காலத்தையும் சேர்த்து, ஓராண்டு தொடரும்.

ஒரே மருந்து என்றாலும் ஒருவருக்கு ஒரு அளவு, இன்னொருவருக்கு வேறு அளவு ஏன்?

உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படும் உடல் பரப்பளவே அடிப்படை. டாக்ஸோரூபிசின் ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம், பரப்பளவு 1.5 சதுர மீட்டர் உள்ளவருக்கு 90 மில்லிகிராம். எடை கணிசமாக மாறினால் அளவும் மாறும் என்பதால் ஒவ்வொரு தவணைக்கும் முன் எடை பார்க்கப்படுகிறது.

முதல் கீமோவுக்கு முன் என்னென்ன பரிசோதனைகள்?

ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு, சர்க்கரை, மஞ்சள்காமாலை பி கிருமி ஆகியவை பார்க்கப்படும். டாக்ஸோரூபிசினும் டிராஸ்டுசுமாப்பும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால் 'எக்கோ' அவசியம். மஞ்சள்காமாலை பி கிருமி உடலில் உறங்கிக் கிடந்தால் கீமோவில் அது விழித்துக்கொள்ளலாம். முன்பே தெரிந்தால் மாத்திரையால் தடுத்துவிடலாம். சொத்தைப் பல் இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

இனி குழந்தை பெற விரும்புபவர் என்ன செய்வது?

கீமோ தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொடங்கியபின் சொல்வதால் பெரும் பயன் இல்லை. கருமுட்டையை அல்லது கருவை உறையவைத்துச் சேமிக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் போதும். சினைப்பைகளைக் காக்க மாதந்தோறும் போடும் ஊசியும் உண்டு. சிகிச்சைக் காலத்தில் மாதவிலக்கு நின்றாலும் கரு தரிக்க வாய்ப்பு இருப்பதால், ஹார்மோன் இல்லாத கருத்தடை முறை கட்டாயம்.

கர்ப்பிணிக்கு இந்நோய் வந்தால் கருவைக் கலைத்தாக வேண்டுமா?

எல்லா நேரமும் இல்லை. முதல் மூன்று மாதங்களில் கீமோ தரப்படுவதில்லை. அதன்பிறகு குறிப்பிட்ட சில மருந்துகளைப் பாதுகாப்பாகத் தர முடியும். டிராஸ்டுசுமாப், ஹார்மோன் மாத்திரை, கதிர்வீச்சு ஆகியவை பிரசவத்துக்குப் பிறகுதான்.

கீமோ எப்படி ஏற்றப்படுகிறது? வலிக்குமா?

டிரிப்ஸ் போலவே நரம்பு வழியாக ஏறும். ஊசி குத்தும் வலியைத் தவிர வேறு வலி இருக்கக் கூடாது. பெரும்பாலோர் காலையில் வந்து மாலைக்குள் வீடு திரும்பலாம். ஏறும்போது எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். டாக்ஸோரூபிசின் நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை புண்ணாகிவிடும். நரம்பு கிடைக்காதவர்களுக்குத் தோலுக்கு அடியில் 'போர்ட்' என்ற சிறு கருவி பொருத்தப்படுகிறது.

வீட்டுக்கு வந்ததும் சிறுநீர் சிவப்பாகப் போனால்?

டாக்ஸோரூபிசின் சிவப்பு நிற மருந்து. அதன் நிறம் ஓரிரு நாட்கள் சிறுநீரில் தெரிவது இயல்பு, ரத்தம் அல்ல. அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, எரிச்சல் இருந்தாலோ மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

முடி எல்லாம் கொட்டிவிடுமா? திரும்ப வளருமா?

மேற்சொன்ன மருந்துகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் கொட்டும். முதல் தவணைக்குப் பின் இரண்டு, மூன்று வாரங்களில் தொடங்கி, புருவம், இமை வரை உதிரலாம். சிகிச்சை முடிந்த ஒன்று முதல் மூன்று மாதங்களில் மீண்டும் முளைக்கத் தொடங்கும்; முதலில் சுருட்டையாகவோ, நிறம் மாறியோ வரலாம். தலையணை முழுவதும் முடி பார்க்கும் வேதனையைத் தவிர்க்க, முன்கூட்டியே முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்பவர்களும் மொட்டை போட்டுக்கொள்பவர்களும் உண்டு. தலையைக் குளிர்விக்கும் தொப்பி சிலருக்கு உதவுகிறது. ஆனால் அது எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை.

வாந்தியைத் தாங்க முடியாது என்று பயப்படுகிறார்களே?

அந்தப் பயம் பழைய காலத்தது. இன்று வாந்தி வரும் முன்பே தடுக்கும் மூன்று, நான்கு மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. அவற்றில் ஒன்றான ஓலன்சபின் மாத்திரை, வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 2.5 மில்லிகிராம் அளவிலேயே பலன் தருவதுடன், தூக்கக் கலக்கத்தையும் குறைப்பதாக டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2024-இல் காட்டியது. வீட்டுக்குத் தரும் மாத்திரைகளை, வாந்தி வரட்டும் என்று காத்திராமல், சொன்ன நாட்களுக்கு முழுமையாகச் சாப்பிட வேண்டும்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

கீமோவில் உண்மையான அவசரம் இதுதான். ஒவ்வொரு தவணைக்கும் பின் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும்; அப்போது வரும் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். வெப்பமானியில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் காட்டினால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அருகில் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், கீமோ எடுத்த தேதியை முதலில் சொல்ல வேண்டும்.

அணுக்கள் குறைவு என்று தவணையைத் தள்ளிப்போட்டால் நோய் திரும்புமா?

ஒரு வாரம் தள்ளிப்போவது வழக்கமாக நடப்பதுதான், கவலைப்படத் தேவையில்லை. அணுக்கள் மீளும் முன் ஏற்றுவதே ஆபத்து. தவணைக்கு மறுநாள் போடப்படும் வெள்ளை அணு ஊசியால் இந்தத் தாமதம் குறையும்; அதனால் எலும்பு வலி வரலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு கீமோ தரலாமா?

தரலாம். வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு வகை என்பதால் சில நாட்களுக்குச் சர்க்கரை கூடும். அந்த நாட்களில் வீட்டிலேயே அளந்து பார்த்து, மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். பாக்லிடாக்ஸெல் கை, கால் மரத்துப்போகச் செய்யும். ஏற்கெனவே மரத்த கால் உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

என்ன சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

இட்லி, இடியாப்பம், பருப்பு, நன்றாக வெந்த முட்டை, மீன் என வீட்டில் சமைத்த புதிய உணவு எதுவும் ஏற்றதே. பாதி வெந்த முட்டை, தெருவோரம் நறுக்கி வைத்த பழம், கொதிக்க வைக்காத தண்ணீர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியாகிச் சாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உடல் எடை குறைந்து கீமோ தள்ளிப்போவதே மிச்சம். வாய்ப்புண் வந்தால் காரத்தைக் குறைத்து, உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் பலமுறை கொப்பளிக்கலாம்.

முள்சீத்தா இலை, நாட்டு மருந்து சேர்த்துக்கொள்ளலாமா?

முள்சீத்தா மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்படவில்லை. மூலிகைகள் சில, கீமோ மருந்தைக் கல்லீரல் கையாளும் வேகத்தை மாற்றி, பலனைக் குறைக்கவோ நச்சுத்தன்மையைக் கூட்டவோ கூடும். எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீமோவை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறி, நோய் முற்றியபின் திரும்பி வருபவர்களுக்குச் செய்யக்கூடியது மிகவும் குறைந்துவிடுகிறது.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா? குழந்தைகளைத் தூக்கலாமா?

புற்றுநோய் தொற்றாது, ஒன்றாகச் சாப்பிடலாம், குழந்தைகளைத் தூக்கலாம். கீமோவுக்குப் பின் 48 மணி நேரம் வரை சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்திருக்கும் என்பதால், கழிப்பறையில் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும்; சுத்தம் செய்பவர் கையுறை அணிய வேண்டும். பாலூட்டும் தாய் மட்டும் கீமோ காலத்தில் பால் கொடுக்கக் கூடாது.

அரசுக் காப்பீட்டில் யாருக்கு, எவ்வளவு கிடைக்கும்?

தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. புற்றுநோய் அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவை இதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுக வேண்டும். கட்டணமில்லா எண் 1800 425 3993. முன் அனுமதி கிடைத்த பிறகே செலவு ஏற்கப்படும் என்பதால், பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று இருக்கக் கூடாது.

சென்னைக்குத்தான் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. சென்னையில் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தவிர, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை எனப் பல இடங்களில் சிகிச்சை உண்டு. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றில் 200 மையங்கள் 2025-26-இலேயே அமையும் என்றும் ஒன்றிய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. திட்டத்தைப் பெரிய மையத்தில் வகுத்து, கீமோவை ஊருக்கு அருகே ஏற்றிக்கொள்வதே ஆறு மாத அலைச்சலுக்கு நடைமுறைத் தீர்வு.

ரயில் கட்டணத்தில் சலுகை உண்டா?

சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் செல்லும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கு இவ்விரு வகுப்புகளிலும் 75 சதவீதச் சலுகை. சிகிச்சை தரும் மருத்துவமனையில் உரிய படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, முன்பதிவு மையத்தில் கொடுக்க வேண்டும்.

மகளுக்கும் தங்கைக்கும் வருமா?

பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதல்ல. 5 முதல் 10 சதவீதம் மட்டுமே மரபுவழிக் குறைபாட்டால் வருபவை. இளம் வயதில் வந்தாலோ, டிரிப்பிள் நெகட்டிவ் வகையாக இருந்தாலோ, குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் பலருக்கு இருந்தாலோ 'பிராக்கா' மரபணுச் சோதனை பரிந்துரைக்கப்படும். முதலில் சோதிக்க வேண்டியது நோயாளியை. அவரிடம் குறைபாடு தெரிந்தால்தான் மற்றவர்களுக்குச் சோதனை.

தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால்?

முதல் சில வாரங்களில் இது இயல்பு. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உணவும் சிகிச்சையும் வேண்டாம் என்ற நிலை வந்தால், அது தைரியக் குறைவல்ல. மருந்தாலும் ஆலோசனையாலும் குணமாகும் மனச்சோர்வு. ஒன்றிய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழில் அணுகலாம்.

கீமோ முடிந்ததும் எல்லாம் முடிந்ததா?

தேவைப்படுவோருக்குக் கதிர்வீச்சு தொடரும். ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் 5 முதல் 10 ஆண்டுகள் மாத்திரை சாப்பிட வேண்டும். முதல் மூன்று ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மேமோகிராம் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வருடா வருடம் பெட் ஸ்கேன் தேவையில்லை.